மேடேறிய கணக்கு

1936-இல் அமெரிக்காவில் வாலி பையம், அலுமினிய உடல்கொண்ட 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' டிரெய்லரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வண்டிக்குப் பின்னால் வீட்டையே பூட்டி ஊர் சுற்றும் ஆசை அங்கே வேர்விட்ட காலம் அது.

ஆனால் ஒரு பிக்கப் எவ்வளவு எடையை இழுக்கும்? வெகுகாலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் முறைப்படி சோதித்துத் தன் எண்ணை அறிவித்தது. வாங்குபவர் எதை வைத்து ஒப்பிடுவார்?

2008-இல்தான் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 'ஜே2807' என்னும் பொது அளவுகோலை வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றமே அதற்கு அடிப்படை: சுமார் 18 கிலோமீட்டர், கடும் வெயில், ஏசி முழுவீச்சில். டொயோட்டா 2011 மாடல்களிலேயே இதை ஏற்றது. டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் தாமதமாக வந்தன.

இந்த அளவுகோல் தரும் இழுவை எண்ணும் பாதிக் கணக்குதான். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாகப் பிக்கப்பின் மேலேயே அமர்கிறது. 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. பயணிகளும் சாமான்களும் பிக்கப் சுமக்கக்கூடிய எடையின் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.