செம்பும் கண்ணாடியும் சந்திக்கும் பெட்டி

கரிசலில் கம்பி புதைப்பது லேசான காரியமில்லை. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண், ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும். மதுரை–தூத்துக்குடி சாலையோரத்து எப்போதும்வென்றானிலும் அதே மண்தான்.

1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், இதுபோன்ற கிராமங்களுக்கென்று 128 இணைப்புச் சிறிய எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. அந்தக் காலமெல்லாம் செம்புக் கம்பியின் ராஜ்ஜியம். 2011இல் ஒப்புதல் பெற்ற தேசிய ஃபைபர் திட்டம் பாரத்நெட் ஆனபின், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இலக்கானது.

ஆனால் கம்ப்யூட்டரின் பின்புறத் துளை இன்னும் செம்புக்குத்தான். ஊராட்சி அலுவலகத்தில் ஓஎன்டி போன்றதொரு பெட்டி இரண்டையும் சேர்த்து வைக்கிறது. மில் கேட் கேமராவுக்கோ உள்ளங்கையளவு மீடியா கன்வெர்ட்டர் போதும். ஈதர்நெட் செம்பு 100 மீட்டரில் நின்றுவிடும்; சிங்கிள்மோட் இழை பல கிலோமீட்டர் ஓடும். இடி இறங்கினால் செம்பு மின்சாரத்தை உள்ளே அழைத்து வரும், கண்ணாடி அழைத்து வராது. கரிசல் காட்டில் இது சின்ன விஷயமா?

கன்வெர்ட்டர் வாங்கும்போது சறுக்குவது ஜோடியில்தான். ஒற்றை இழைக் கன்வெர்ட்டரில் ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் கேட்கும். மறுமுனை நேர் எதிர். இரண்டும் ஒரே வகையாக வந்துவிட்டால், செம்புப் பக்கத்து விளக்கு எரியும்; ஃபைபர் விளக்கு எரியாது. இணைப்பி நிறத்தையும் பார்க்க வேண்டும்: பச்சை முனை சாய்வாகச் சீவியது, நீலத் துளையில் செருகினால் ஒளி வீணாகும்.