டைகர் என்று பெயர் வைத்த நாய்

போன வருஷம் எங்கள் கட்டுமானத் தளத்தில் ஒரு நாய்க்குட்டி செத்துப் போனது. அந்த இடம் முன்பு செம்பனை, அதற்கும் முன்பு ரப்பர். இப்போது வீடமைப்புத் திட்டம். என் வேலை வடிகால். நாங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் கேபினுக்கு அடியில் ஒரு செவலை நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றுக்கு முதலில் கண்ணில் பீளை, அப்புறம் இருமல். கடைசியில், வாயில் ஒன்றுமே இல்லாமல் எதையோ மென்றுகொண்டிருப்பது போலத் தாடை ஆட ஆரம்பித்தது. "எவனோ விஷம் வச்சிட்டான் தம்பி" என்றார் தளத்து மேற்பார்வையாளர் அண்ணன். மிருக டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், டிஸ்டெம்பர் என்று. குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, ஆனால் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அந்த நோயைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன், விடியும்போது ஒரு புலியிடம் போய் நின்றேன்.

2019 ஜூலை மாதம். திரெங்கானு மாநிலம் டுங்குன் மாவட்டத்தில், புக்கிட் பெசிக்குப் பக்கத்திலிருக்கும் கம்போங் பெசூலில் ஓர் ஆண் புலி பட்டப்பகலில் வீடுகளுக்கு அருகே நடந்து போனது. மனிதர்களைப் பார்த்து ஓடவில்லை, பாயவுமில்லை. கைப்பேசியில் படமெடுத்தவர்களை அது சட்டையே செய்யவில்லை. வனவிலங்குத் துறை பிடித்து, பேராக் சுங்காய் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. அவாங் பெசூல் என்று பெயர் வைத்தார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர்தான் காரணம் என்று அறிவித்தார்கள். அந்தக் கிருமி மூளைக்குப் போனால் விலங்குக்கு பயம் போய்விடும். புலி ஊருக்குள் வந்தது துணிச்சலால் அல்ல, நோயால்.

நாயிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. காட்டிலிருக்கும் மூசாங் போன்றவையும் இந்தக் கிருமியைச் சுமக்கும். ஆனால் 1994 வாக்கில் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இதே நோயில் செத்தபோது, சுற்றுக் கிராமங்களின் நாய்கள் மேல்தான் முதலில் கண் போனது.

எனக்கு உறைத்தது வேறொன்று. என் பாட்டி சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் புலி நாயைத் தின்னும். நாய் புலியைக் கொன்ற கதையை அவர் கேட்டதேயில்லை.

பாட்டி வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம், மலையடிவாரத் தோட்டம் ஒன்றில். கட்டைக்கால் மேல் நின்ற பழைய பலகை லயம். கீழே ஆடு, கோழி, நாய். ராத்திரி நாய்கள் குரைத்தால் யாரும் எழுந்திரிக்க மாட்டார்களாம். குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒண்டினால்தான் பயம். அப்படி வந்ததில் பெரும்பாலும் கருஞ்சிறுத்தை. தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கறுப்பு, இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. புலியை லயத்தில் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் 'பாக் பெலாங்' என்பார்கள். ஆனால் லயத்தில் மூன்று நாய்களுக்காவது டைகர் என்று பேர் இருந்ததாம். இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த வட்டாரத்தில் தோட்டம் என்ற ஒன்று தொடங்கிய நாளிலிருந்தே புலியும் கணக்கில் இருக்கிறது. முதலில் சிங்கப்பூர். 1830களிலிருந்து கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்ட வெட்ட, அங்கே வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் புலி தூக்கிப் போனது. 1854இல் புக்கிட் தீமாவில் தங்கிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், சராசரி நாளைக்கு ஒருவர் என்று எழுதுகிறார். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் உண்மைக் கணக்கு வெளியே வராததற்கும் காரணம் இருந்தது. சாவு தெரிந்தால் புது ஆள் வரமாட்டான் என்று முதலாளிகள் மறைத்தார்கள்.

அந்தக் காலத்து ஓவியம் ஒன்று உண்டு. 1835இல் கோல்மன் என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞர் காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது புலி பாய்ந்த சம்பவத்தை, பிற்பாடு லாய்ட்டமான் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்தது. தியோடலைட் சாய்கிறது, ஆட்கள் சிதறுகிறார்கள். அளவுக் கருவி தூக்குகிறவன் என்பதால் நான் முதலில் பார்த்தது கருவியைத்தான். அப்புறம்தான் அந்த ஆட்களைப் பார்த்தேன். அவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சிங்கப்பூரின் சாலைகளைப் போட்டது அவர்கள்தான். பிற்காலத்தில் புலி வேட்டைக்கும் கைதிகளைக் குழுவாக அனுப்பினார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மக்நேயர் 1899இல் வெளியிட்ட நூலில் அது பதிவாகியிருக்கிறது. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது.

அதற்குள் மலாயாவில் ரப்பர் வந்து, நம் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கியாகிவிட்டது. விடியற்காலை பெரட்டு. இருட்டு பிரியாத நேரத்தில் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைவார்கள். பால்மரத்தில் வெட்டு கீழே இறங்க இறங்க, வெட்டுகிறவர் குனிந்தே ஆக வேண்டும். புலி பின்னாலிருந்துதான் பாயும். குனிந்த முதுகு, மரத்தைப் பார்த்த முகம், ஆளுக்கு ஆள் தூரம். ரப்பர் வெட்டும் தொழிலின் அமைப்பே அதற்கு வசதி.

துரைமார் எழுதிய வேட்டைப் புத்தகங்களைப் புரட்டினால் புலியின் நீளம் அடி, அங்குலம் சுத்தமாக இருக்கும். செத்தவன் 'ஒரு கூலி'. பெயர் கிடையாது. இதில் லாக் என்ற அதிகாரி கொஞ்சம் பரவாயில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கெமாமானில் வேலை பார்த்தவர், 'திரெங்கானுப் புலிகள்' என்று 1954இல் ஒரு புத்தகம் போட்டார். ரப்பர் வெட்டப் போன மலாய்க்காரர்களும் சீனர்களும் புலிக்குப் பலியானதை அதில் விரிவாகவே பேசுகிறார். அன்றைய மலாயாவில் 3,000 புலிகள் இருக்கலாம் என்று குத்துமதிப்புச் சொன்னதும் அவரே. 2022இல் அரசு அறிவித்த எண்ணிக்கை 150க்கும் குறைவு. கெமாமானுக்கு அடுத்த மாவட்டம்தான் அவாங் பெசூல் நடந்து வந்த டுங்குன்.

3,000 எப்படி 150 ஆனது என்பதற்குத் துப்பாக்கியும் கண்ணியும் பாதிப் பதில். காடு போனது மீதிப் பதில். நம் பக்கத்திலிருந்து சொல்ல இன்னொரு துண்டு இருக்கிறது, அது நாயின் கதை.

தோட்டத்தில் நாய் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. எந்த வீட்டில் சோறு மிஞ்சியதோ அந்த வீட்டு வாசலில் படுக்கும். ஆனால் எந்த நாய் எந்த லயத்து நாய் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, கடைசியில் வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் போனபோது மக்களுக்கு மலிவு விலை அடுக்குமாடி கிடைத்தது, கிடைக்காதவர்களும் உண்டு. அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. 1990களில் பாட்டி வீட்டுச் சாமான் லாரியில் ஏறிய அன்று, டைகர் இரும்புப் பாலம் வரைக்கும் பின்னால் ஓடி வந்தது என்று அம்மா சொல்வார். பாட்டி அதைப் பற்றிப் பேசமாட்டார். முனியாண்டி சிலையைப் பெயர்த்துக் கொண்டுவர லாரியில் இடம் இருந்தது. சாமிக்குக் காவலாக நின்ற நாய் சிமெண்டு, அதுவும் வந்தது.

ஆள் போன லயத்தில் நாய்கள் நின்றன. சோறு போடுகிறவர் போனபிறகு செம்பனைக்குள் எலியைப் பிடித்தன, குப்பையைக் கிளறின, காட்டோரம் போயின, குட்டி போட்டன. இன்றைக்கு நகராண்மைக் கழகம் வண்டி அனுப்பிப் பிடிக்கும் 'தெருநாய்' வேறெங்கிருந்தும் வரவில்லை. தெரு என்று ஒன்று இல்லாத இடத்தில் அதைத் தெருநாய் என்கிறோம்.

2015இல் வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் திரும்பியபோது நாய்களைக் கொல்வதா, ஊசி போடுவதா என்று நாடே சண்டை போட்டது. அந்த நோய் மனிதனைக் கொல்லும், அதனால் சத்தம். டிஸ்டெம்பர் மனிதனுக்கு வராது. அதற்காக யாரும் வண்டியும் அனுப்புவதில்லை, ஊசியும் அனுப்புவதில்லை.

எங்கள் தளத்தில் மிச்ச நான்கு குட்டிகளுக்கும் தாய்க்கும் காசு சேர்த்து ஊசி போட்டோம். வங்காளதேசத் தொழிலாளர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். ஒன்று பிழைக்கவில்லை, ஊசி போடும்போதே அதற்கு நோய் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அந்த வாரம் பாட்டியைப் பார்க்கப் போனேன். புலி விஷயம் எல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குட்டியை எங்க பொதச்சீங்க?"

வேலிக்குப் பின்னால், காட்டோரமாக என்றேன்.

"ஆழமாத் தோண்டினீங்களா?"

ரெண்டடி இருக்கும் என்றேன்.

"பத்தாதுய்யா" என்றார். "மோப்பம் பிடிச்சி வந்து தோண்டிடும். நாளைக்குப் போயி மேல கல்லு வச்சிட்டு வா."