பயன் என்பது எடுக்கும் முறை: அகத்தியமலை மழைக்காட்டுத் தாவரங்களை முன்வைத்து

மழைக்காட்டுத் தாவரங்களைப் பற்றி நம்மிடம் உள்ள நூல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பெயர், குடும்பம், வளரும் இடம், இறுதியில் பயன். இந்த வடிவம் நேற்று வந்ததல்ல. டச்சு மலபாரின் ஆளுநர் ஹென்றிக் வான் ரீட் முன்னின்று தொகுத்த ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணி அறிஞர் மூவரும் தந்த அறிவின்மேல் எழுந்த அந்நூல் 742 தாவரங்களை விவரித்தது. எந்த நோய்க்கு எந்த உறுப்பு என்பதே அதன் முதன்மையான அக்கறை. இரு நூற்றாண்டுக்குப் பின் ஜார்ஜ் வாட் 1889இல் வெளியிடத் தொடங்கிய இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி அதே அறிவை அகரவரிசையில் அடுக்கி வணிகத்தின் கையில் கொடுத்தது. இன்றைய மக்கள்தாவரவியல் ஆய்வேடுகள் பலவும் இந்தப் பட்டியல் மரபின் வாரிசுகளே.

பட்டியல் சொல்லாமல் விடுவது எது என்பதே என் கேள்வி. ஒரு தாவரம் எதற்குப் பயன்படும் என்பதோடு, அதன் எந்த உறுப்பு, எப்பருவத்தில், எவ்விதமாக, யாருடைய உரிமையின்கீழ் எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே ‘பயன்’ என்று எழுத வேண்டும். இவற்றை விட்ட குறிப்பு முழுமையற்றது. சில வேளைகளில் அந்தத் தாவரத்துக்கே கேடு.

இதற்கு அகத்தியமலைக் காடுகளை எடுத்துக்கொள்கிறேன். வெடிப்பலாவும் நாங்கும் ஓங்கி நிற்கும் இந்தப் பசுமைமாறாக் காடு மலையின் இரு சரிவிலும் பரந்தது. கிழக்கே களக்காடு–முண்டந்துறை, மேற்கே நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி. இரு புறமும் காணிகள் எனப்படும் காணிக்காரப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மிளகும் ஏலமும் இம்மலைத்தொடரின் காட்டுச் செடிகளே என்பதும், அவற்றுக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் கதையும் யாவரும் அறிந்தவை. அவை தோட்டப் பயிர்களாகிவிட்டதால் இங்கே அவற்றைத் தொடவில்லை. இன்னும் காட்டிலிருந்தே எடுக்கப்படுபவைதான் என் வாதத்துக்கு வேண்டியவை.

கருங்குங்கிலியம் மரத்தின் காயத்திலிருந்து வடியும் பிசின். தானாகக் கசிந்து உறைந்ததைப் பொறுக்கினால் மரத்துக்குக் கெடுதல் இல்லை. அடிமரத்தைக் கீறிச் சுற்றிலும் சுள்ளி அடுக்கி எரித்தால் பிசின் மிகுதியாக வரும். அந்தத் தீ மரத்தின் ஆயுளையும் தின்னும். பட்டியலில் இரண்டும் ஒரே வரிதான்: ‘பிசின், புகைபோடவும் மருந்துக்கும்.’

மரமஞ்சளின் நிலை இன்னும் கடினமானது. நாட்டு மருந்துக்கடையில் மஞ்சள் நிறத் துண்டுகளாகக் கிடைக்கும் அது, மழைக்காட்டின் உச்சி வரை ஏறும் ஒரு முதிர்ந்த கொடியின் தண்டு. மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டால் வருவது. இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பல ஆண்டு வளர்ந்து உச்சியில் வெயில் கண்ட பின்னரே பூக்கும். தண்டுதான் மருந்து என்பதால் எடுப்பது என்றாலே வெட்டுவதுதான். பருமன் கண்ட கொடிக்கு நல்ல விலை. ஆனால் பருமன் கண்ட கொடிதான் விதை தரக்கூடியதும். ஒரு சரிவிலுள்ள பெண்கொடிகள் வெட்டுப்பட்டால், மீதமுள்ள ஆண்கொடிகள் எத்தனை இருந்தும் அங்கே அடுத்த தலைமுறை முளைக்காது. மரமஞ்சளைப் பற்றி ‘காய்ச்சல், கண்நோய், சருமநோய்க்கு’ என்று எழுதும் ஒருவர் இதைச் சொல்லாமல் விட்டால், அவர் எழுதியது பாதி என்றுகூடச் சொல்ல முடியாது.

தண்டையும் வேரையும் எடுப்பது கேடு, கனியை எடுப்பது நன்மை என்று இதிலிருந்து ஒரு எளிய விதி வகுக்க ஆசை வரும். குடம்புளி அந்த ஆசையைத் தடுக்கிறது. அது பழுப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். வெயிலில் உலர்த்த வழியில்லாததால் பழத்தோலை நெருப்பின்மேல் பரண் கட்டிப் புகையிட்டு உலர்த்துகிறார்கள். வீட்டு மீன் குழம்புக்கு வேண்டிய அளவுக்கு அடுப்பங்கரைப் புகையே போதும். ஏற்றுமதிக்கு வேண்டிய அளவுக்கு விறகு அதே காட்டிலிருந்து வர வேண்டும். கனி பறித்ததால் சாகாத மரங்கள் விறகாகச் சாகும்.

அந்த ஏற்றுமதி ஏன் வந்தது என்பதும் இங்கே பொருட்படுத்தத் தக்கது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் லூயிஸும் நீலகண்டனும் 1965இல் இப்பழத்தின் முதன்மை அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று நிறுவினர். 1990களில் அது உடல் இளைக்கும் மாத்திரையாக உலகச் சந்தைக்குப் போனது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, 135 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட இதை உண்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் இளைக்கவில்லை என்று கண்டது. மாத்திரை விற்பனை அதற்குப் பின்னும் நிற்கவில்லை. மருத்துவப் பயன் நிரூபணமாகாத ஒன்றுக்காக மலைச்சரிவில் விறகு எரிந்தது என்பதை ஆய்வுலகம் போதிய வருத்தத்தோடு பதிவு செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

பயன் உண்மையாகவே பெரிதாக இருந்த தாவரமும் தப்பவில்லை. புற்றுநோயை எதிர்க்கும் கேம்ப்டோதெசினை அமெரிக்க வேதியியலாளர்கள் வாலும் வானியும் 1966இல் ஒரு சீன மரத்தில் கண்டறிந்து அறிவித்தனர். 1972இல் பம்பாயில் பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனுடன் இணைந்து, அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோதபோடிட்டெஸ் என்னும் சிறுமரத்திலும் இருப்பதைக் காட்டினார். இந்திய வேதியியலின் பெருமிதமான பக்கங்களில் ஒன்று அது. 1996இல் இப்பொருளிலிருந்து உருவான டோபோடெகான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உயிர் காக்கும் மருந்து, ஐயமே இல்லை. ஆனால் பொருள் செறிந்திருப்பது வேரிலும் தண்டிலும். எனவே இம்மலைத்தொடரில் பல இடங்களில் மரங்கள் அடியோடு போயின.

‘மதிப்பு கூடினால் காடு தானே காக்கப்படும்’ என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அக்கருத்தில் விடுபட்ட கண்ணி உரிமை. அடுத்த ஆண்டும் இதே மரத்தடிக்குத் தான்தான் வருவோம் என்ற உறுதி உள்ளவர் கிளையை விட்டுவைப்பார். அந்த உறுதி இல்லாதவர் விட்டுவைப்பதை இன்னொருவர் வெட்டுவார். அதை அறிந்தே அவர் இன்று வெட்டுகிறார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின்மீது காட்டுவாசிகளுக்கு உடைமையுரிமையை ஏற்றது. தாவர ஆய்வுக் கட்டுரைகளில் இச்சட்டம் அரிதாகவே பேசப்படுவது ஏன்? சட்டம் தாவரவியலுக்கு வெளியே இருக்கிறது என்ற எண்ணமே காரணம். வெட்டுவாரா விடுவாரா என்பதைத் தீர்மானிக்கும் ஒன்று எப்படி வெளியே இருக்கும்?

இவை யாவும் ஒன்றுகூடும் இடம் ஆரோக்கியப்பச்சை. ஓடைக்கரை நிழலில் வளரும் சிறு பூண்டு. 1788இலேயே ஐரோப்பியத் தாவரவியல் இலங்கையை ஒட்டிப் பெயரிட்ட இனம். 1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு அகத்தியமலையில் ஏறியபோது, உடன்வந்த காணிகள் களைப்பின்றி நடந்ததற்கு அவர்கள் மென்ற இதன் காய்களே காரணம் என்று அறிந்தது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் இதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை ஆக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் ஒரு கோவை நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. வந்ததில் பாதி காணிகளுக்கு என்பது ஏற்பாடு. அதற்கென 1997இல் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி என்று உலகம் இதைக் கொண்டாடியது. 1992இன் உயிரியல் பன்மைய உடன்படிக்கைக்குப் பின், 2002இன் இந்தியச் சட்டத்துக்கு முன் அது நடந்தது என்பதால் அந்தப் பாராட்டு தகுதியானதே.

ஆயினும் ஒரு மாற்றத்தை அன்றைய எழுத்துகள் பெரிதாகக் கவனிக்கவில்லை. காணிகள் மென்றது காய். மருந்துக்கு எடுத்தது இலை. நடைவழியில் நாலு காய் பறிப்பவரால் செடிக்கு நேர்வது ஒன்றுமில்லை. ஆலைக்கு இலை தேவைப்படும்போது அளவு, பருவம், எடை, முன்பணம் எல்லாம் உள்ளே வருகின்றன. கிழங்கை விட்டு இலையைக் கொய்தால் செடி மீளும். ஆனால் வேரோடு பிடுங்கிச் செல்வதும் நடந்தது. காணிகள் பயிரிட முனைந்தபோது வனநிலத்தில் அதற்கு வனத்துறை இசையவில்லை. பங்கு வகுத்தவர்கள் பணத்தை வகுத்தார்கள். பறிக்கும் உரிமையை வகுக்கவில்லை.

எல்லைக்கோடும் ஒன்று இருக்கிறது. 1956இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகப் பக்கம் வந்தபோது திருவிதாங்கூரின் காணிக்காரரும் இரு மாநிலத்தவர் ஆயினர். அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. பாபநாசத்துக்கு மேலேயும் பேச்சிப்பாறைக்கு மேலேயும் குடியிருக்கும் உறவினருக்கு அதில் இடமில்லை. அறிவு இரு சரிவுக்கும் பொதுவாக இருந்தது. ஒப்பந்தம் ஒரு சரிவோடு நின்றது.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மையச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி உள்ளாட்சிகள் அமைக்கும் மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளைத் தயாரிக்கின்றன. பட்டியல் மரபைத் திருத்த இதைவிட நல்ல இடம் இல்லை. ‘பயன்படும் உறுப்பு’ என்ற கட்டத்துக்கு அருகே ‘எடுக்கும் விதம்’, ‘விட்டுவைக்க வேண்டியது’, ‘எடுக்கும் உரிமையுடையவர்’ என்று மூன்று கட்டங்கள் வேண்டும் என்பது என் முன்மொழிவு. அவற்றை நிரப்ப உலர்தாவரத் தொகுப்பு உதவாது. ஒரு சரிவில் எந்த மரமஞ்சள் கொடி காய்த்தது என்பதை அதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவர் இன்று பெரும்பாலும் பதிவேட்டில் தகவலாளராகவே வருகிறார். குழுவில் உறுப்பினராக, தன் குடியிருப்பின் மொழியில், எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் காப்பது என்று தீர்மானிக்கும் உரிமையோடு அவர் அமர வேண்டும்.