கண்டிச் சீமைக்குச் சென்றோரும் மீண்டோரும்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் இங்கு வந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்ததையும், கால்டுவெல் ஐயர் 1841இல் இடையன்குடியில் குடியேறியதையும் நம் மாணாக்கர் யாவரும் அறிவர். இங்கிருந்து புறப்பட்டுப் போன குடும்பங்களைக் குறித்து நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

தாமிரபரணியின் கால்வாய் பாயும் நன்செய் ஊர்களுக்கு அப்பால், பனையும் செம்மணலுமான தென்கரை ஊர்களில் மழை பொய்த்தால் பிழைப்புக்கு வழியில்லை. இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகிய 1830களுக்குப் பின், இவ்வூரார் கங்காணியின் பின்னே ‘கண்டிச் சீமை’க்குப் போகத் தொடங்கினர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதியாரும் உடன் சென்றனர். படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் வாந்திபேதிக்குப் பலியானோர் பலர். காப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவோர் மிகுதி. காப்பிச் செடியை இலைநோய் அழித்து, 1880களில் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தபோதுதான் நிலைமை மாறிற்று. தேயிலைக் கொழுந்துக்குப் பருவமில்லை; ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். ஆகவே மனைவி மக்களோடு லயத்து அறைகளில் குடியேற வேண்டியதாயிற்று. குடியேற்றம் என்பது மெய்யாகவே அப்பொழுதுதான் தொடங்கிற்று எனலாம்.

திருச்சபை அவர்களைப் பின்தொடர்ந்து சென்றது. 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டு, திருநெல்வேலி உபதேசியார்கள் தோட்டந்தோறும் அனுப்பப்பட்டனர். அப்பெயர் இன்று நம் செவியை உறுத்துகிறது. ஆயினும் ஊர்ப் பேச்சறிந்த ஒருவர், ஊரில் பாடிய கீர்த்தனைகளோடு லயத்து வாசலில் வந்து நின்றது சிறிய காரியமன்று. மறுபுறத்தையும் மறைக்கலாகாது. அந்த ஊழியம் தோட்டத் துரைமாரின் சந்தாவையும் சார்ந்திருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்து அவனைக் கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. துரையின் சந்தாவைப் பெறும் உபதேசியார் அதைக் கண்டித்துப் பேசுவது எளிதாயிருந்திராது என்பதே நம் எண்ணம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசார் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் அத்தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சீட்டு எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். இந்தப் பங்கீட்டில் ஒரே வீட்டில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல.

கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு அழைத்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டை அதற்கு முன் கண்டதே இல்லை. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம் சிலருக்கு வேலை தந்தது. 1969இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியும் அமைந்தது. பூர்வீக ஊரைத் தேடி நம் பக்கம் வந்தோரை உறவினர் எவ்வாறு ஏற்றனர்? பங்கு கேட்க வந்தார்களோ என்ற ஐயமே பல வீடுகளில் முதலில் எழுந்தது. கோவிலிலும் அவர்கள் நெடுநாள் ‘சிலோன்காரர்’ என்றே சுட்டப்பட்டனர். அசன பண்டிகையில் அள்ளிக் கொடுத்த நம் சபைகளைப் பற்றி இதை எழுதக் கை கூசுகிறது.

நாம் முன்னர் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பித்தோம். ‘சொந்த ஊர்’ என்னும் கட்டத்துக்கு ஒரு முதிய தாயார் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அருகிலிருந்த மகன் சாத்தான்குளம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லித் திருத்தினார். “அது உன் அப்பாவைப் பெத்த தாத்தாவுக்கு ஊரு. நான் பொறந்த ஊரைத்தான ஐயரு கேக்காரு?” என்றார் தாயார். கட்டம் சிறியது; இரண்டையும் நெருக்கி எழுதினோம்.

இலங்கையிலேயே தங்கி நாடற்றவராயிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே குடியுரிமை அளித்தது. 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்த மலையகத்தார் சிலருக்கோ, தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்ட பின்னும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்னும் கைக்கு வரவில்லை.