ஆடை மாற்றிய பகைவன்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் பழமொழி. ஆடையை மட்டும் பார்த்து ஆளை அறிய முயன்றால் என்ன நேரும் என்பதற்கு உகண்டா நாட்டு மரவள்ளியின் வரலாறு ஒரு சான்று.

மழை பொய்த்த காலத்திலும் மண்ணுள் கிடந்து உயிர் காப்பது மரவள்ளிக் கிழங்கு. அதன் இலையைச் சுருக்கி மஞ்சள் படரச் செய்யும் தேமல் நோய், இன்றைய தன்சானியாவில் 1894 ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. பரம்பரைச் செய்தியைத் தாங்கிய நுண்ணிய இழையும், அதனைப் போர்த்திய புரத ஆடையுமே அதன் உடல். வெண் ஈ என்னும் சிறு பூச்சி அதனைச் செடிக்குச் செடி சுமந்து செல்கின்றது. நோயுற்ற தடியை நடும் உழவனும் அறியாமலே அதற்குத் துணையாகின்றான்.

1980களின் இறுதியில் உகண்டாவில் இந்நோய் முன்னில்லாக் கடுமையுடன் எழுந்து, ஆண்டுக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் வரை பரவிற்று. தோட்டங்கள் கைவிடப்பட்டன, பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. அறிஞர் சோதித்தபோது, வைரசின் புரத ஆடை பழகிய ஆபிரிக்க இனத்தினதாகவே தோன்றியது. பழைய பகைவனுக்கு இப்புதிய வலிமை எங்ஙனம் வந்தது? 1997 இல் பரம்பரைச் செய்தியைப் படித்தபோது உண்மை வெளிப்பட்டது. உடல் கிழக்கு ஆபிரிக்க இனத்தினது. ஆடையின் நடுப்பகுதி மட்டுமே மற்றதனது. ஒரே செடியில் குடிபுகுந்த இரு வைரசுகள் கலந்து, மூன்றாவதொன்று பிறந்திருந்தது.

மீட்சி எங்கிருந்து வந்தது? 1930களில், தன்சானியாவின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில், மரவள்ளியை அதன் உறவான ஒரு காட்டு இறப்பர் மரத்துடன் கலந்து, நோய் தாங்கும் செடிகளைத் தேடினர். அவ்வழி வந்த வித்துகள் நைசீரியா சென்று, இபாதானில் மேலும் பண்பட்டு, 1990களில் உகண்டா உழவரின் கையை அடைந்தன. விதைத்தவர் கண்ட பயன் சிறிது. பல்லாண்டு கழித்துப் பசியாறியோர் பலர்.

நம் தீவின் பெயரையே தாங்கிய மரவள்ளித் தேமல் வைரசு ஒன்றும் உண்டு. அது 2015 இல் கம்போடியாவில் காணப்பட்டது. பின்னர் அயல்நாடுகளுக்கும் பரவியது. ஆதலின் நேயர்களே, அடுத்த முறை தடி நடுமுன், அது வெட்டப்பட்ட தாய்ச்செடியின் இலையை ஒருகணம் நோக்குங்கள். பகைவன் உருமாறுவான்; நம் விழிப்பு மாறலாகாது.