புக்கிட் மேராவிலிருந்து ஈப்போ நீதிமன்றம் வரை

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் செல்லும் பழைய சாலையில் அமைந்த ஊர் செமோர். தோட்டத்து லயங்களில் தமிழரும், கந்தான் பாரு முதலிய புதுக்கிராமங்களில் சீனரும் வாழ்ந்த வட்டாரம் அது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறிக் கிடந்த ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் வேறிடங்களில் அவ்வாறே திரட்டப்பட்டனர். கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர் ஒருவர் வாசலை ஒருவர் அறியாது போயினர். அந்த வேலிகளின் நிழல் நீங்கி மக்கள் ஒருங்கே நடந்த நிகழ்ச்சியொன்று 1987இல் கிந்தா பள்ளத்தாக்கில் உண்டு. அதனை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும்.

கிந்தாவின் செல்வம் ஈயம் என்பதை யாவரும் அறிவர். ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கருமணலை 'அமாங்' என்பர். அதிலுள்ள கனிமங்களிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிக்கலாம். பிரித்தால் தோரியம் கலந்த கழிவு மிஞ்சும். தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். மனித வாழ்நாளால் அளக்க முடியாத காலம் அது! ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்கு கொண்டிருந்த ஏசியன் ரேர் எர்த் நிறுவனம், ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் இத்தொழிலைத் தொடங்கியது. புக்கிட் மேராவும் ஒரு சீனப் புதுக்கிராமமே.

எதிர்ப்பு முதலில் எழுந்த இடம் பப்பான் என்னும் சிற்றூர். கழிவைப் புதைக்க அங்கே குழிகள் வெட்டப்படுவதை அறிந்த மக்கள் 1984இல் மறியல் செய்தனர், ஊர்வலம் சென்றனர், பெண்களும் குழந்தைகளும் முன்னின்றனர். பப்பான் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் இவ்வூர்க் கடைத்தெருவில் மருந்தகம் நடத்தி, காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு மறைவாகச் சிகிச்சை செய்தவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். யுரேசியக் குடும்பத்தில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழ் வழியினரான மருத்துவரை மணந்தவர். சீன மக்களோடு கான்டனீஸ் மொழியிலேயே உரையாடியவர். ஜப்பானியரின் கொடுஞ்சித்திரவதைக்கு ஆளாகியும் எவரையும் காட்டிக்கொடாதவர். 1948இல் பிரிட்டனில் காலமானார். அவர் வாழ்ந்த தெருவின் மக்களே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தெருவில் இறங்கினர் என்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. தற்செயல்தான் என்பாரும் உளர்; இருக்கட்டும்.

நிற்க. 1985இல் புக்கிட் மேரா மக்கள் எண்மர் தம் அண்டையூரார் சார்பிலும் சேர்த்து ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். விசாரணை 1987 செப்டம்பர் 7ஆம் நாள் தொடங்கியது. வழக்கை நடத்திய வழக்கறிஞருள் ஒருவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைச் சேர்ந்த மீனாட்சி ராமன். சீன மக்களுக்காக ஒரு தமிழ்ப் பெண் வாதாடினார். அம்மாதத்தில் முதற்கட்ட விசாரணை முடிந்த நாளில்தான் அந்த நடை நிகழ்ந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் புக்கிட் மேராவிலிருந்து நீதிமன்றம் வரை எட்டுக் கிலோமீட்டர் நடந்தனர்.

அவருள் நானும் ஒருவன். செமோரை அடுத்த தோட்டமொன்றில் பிறந்தவனாதலின் புக்கிட் மேராவில் எனக்கு உற்றார் எவரும் இலர். செய்தித்தாளில் வழக்கைப் படித்துவந்த ஆர்வமே என்னை இழுத்துச் சென்றது. ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். போய் நின்றதும் கூச்சமே மிகுந்தது. பேச்சொலி முழுவதும் சீனம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கூட்டத்தின் ஓரமாகவே நடந்தேன். ஆரவாரம் இருக்கும் என எண்ணிச் சென்றவனுக்கு அந்த அமைதி வியப்பளித்தது. வெயிலுக்குக் குடை பிடித்த பாட்டியரும், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மாரும், சந்தைக்குப் போவார் போலப் பேசிக்கொண்டு நடந்தனர்.

மெங்லெம்புவை நெருங்கும்போது பக்கத்தில் நடந்த மூதாட்டி ஒருவர் என் கையில் ஒரு பிடி கடலையைத் திணித்தார். மெங்லெம்பு கடலையின் புகழ் மலேசியர் யாவரும் அறிந்ததே. "எந்த ஊர், தம்பி?" என்று சந்தை மலாயில் கேட்டார், 'தம்பி' மட்டும் தமிழ். செமோர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நான் கந்தான் பாருவில் வளர்ந்தவள். உங்கள் ஆட்களோடு பால் வெட்டியிருக்கிறேன்" என்றார்.

பின்னர் அவர் சொன்னதை நான் மறந்ததில்லை. அவசரகாலத்தில் காட்டிலிருந்தோர்க்கு உணவு போய்ச் சேராதிருக்க, வேலியைக் கடப்பவர் ஒரு பிடி சோறும் கொண்டுசெல்லலாகாது என்று தடுத்திருந்தனர். அவருடைய தாயார் நாள்தோறும் வாயிலில் நின்று கூடையைக் கவிழ்த்துக் காட்டுவாராம். என் தாயும் அவ்வாறே தூக்குவாளியைத் திறந்து காட்டி நின்றதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். எங்களை மட்டுமே அவ்விதம் சோதித்தனர் என்று அந்நாள்வரை எண்ணியிருந்தேன். "ஆசோ, எங்கள் வாசலிலும் அப்படித்தான்" என்றேன். அவர் நடையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா! உங்களுக்குச் சோறு கொடுத்தார்கள் என்றல்லவா எங்களிடம் சொன்னார்கள்" என்று சிரித்தார். பாலிம் தாண்டி இரயில் நிலையத்தை நெருங்கும்வரை அவர் குடையின் பாதி நிழல் எனக்குக் கிடைத்தது.

நீதிமன்றத்தின் எதிரே கூட்டம் நின்றுவிட்டது. சிலம்பை ஏந்திப் பாண்டியன் வாயிலுக்குக் கண்ணகி தனித்துச் சென்றாள் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அன்று வாயிலில் நின்றவர் பலர். சிலம்புக்கு ஈடாக அவர்களிடம் இருந்தவை மருத்துவச் சீட்டுகளும் கதிரியக்க அளவீடுகளுமே. அளவுகளின் உண்மை பற்றி இரு தரப்பு வல்லுநரும் முரண்பட்டனர். அந்த வாதம் பிறகும் ஓயவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் நாள் 'ஓப்பராசி லாலாங்' என்னும் பெருங்கைது நடவடிக்கை தொடங்கியது. விசாரணையின்றிச் சிறைப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோருள், பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுத் தலைவர் ஹியூ யூன் தாட்டும் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் இருந்தனர். ஆயினும் வழக்கு நின்றுவிடவில்லை. 1992 ஜூலை 11ஆம் நாள் நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, ஆலையை மூட ஆணையிட்டார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மக்கள் தோற்றனர் எனச் சட்டம் சொல்லிற்று. ஆனால் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்துவிட்டது!

சட்ட ஏடுகளில் அவ்வழக்கின் முதல் வாதியாக நிற்கும் பெயர் வூன் தான் கான். பெயரையடுத்து 'காலஞ்சென்றவர்' என்ற குறிப்பு உள்ளது. வெற்றித் தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

பின்னாளில் இடிக்கப்பட்ட ஆலையின் கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது. அம்மலைத்தொடரின் வடகோடி செமோரிலிருந்து பார்த்தால் தெரியும். குடைக்காரப் பாட்டியின் பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கந்தான் பாரு பக்கம் போகும்போதெல்லாம் வயதான பெண்களின் முகத்தை இன்னமும் பார்த்துக்கொண்டே போகிறேன்.