ஊசித்திரை அசைவூட்டம்

ஊசித்திரை அசைவூட்டம் என்பது, இலட்சக்கணக்கான நகரும் ஊசிகள் செருகப்பட்ட ஒரு வெண்பலகையில், அவ்வூசிகளின் நிழல்களைக் கொண்டு உருவங்களை அமைத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் படம்பிடித்துத் திரைப்படமாக்கும் நுட்பம் ஆகும். உருசியாவிற் பிறந்த அலெக்சாந்தர் அலெக்சேயெவும் (1901-1982) அமெரிக்கரான கிளேர் பார்க்கரும் (1906-1981) இதனை 1930களின் தொடக்கத்தில் பாரிசு நகரில் உருவாக்கினர். கோடுகளால் வரையப்படும் இயங்குபடங்களில் காணவியலாத மென்மையான சாம்பல் நிறச் சாயல்கள் இந்நுட்பத்தின் தனிச்சிறப்பு ஆகும். எனினும் இதற்கு மிகுந்த உழைப்பும் பொறுமையும் தேவைப்படுவதால், உலகில் மிகச் சிலரே இதனைக் கையாண்டுள்ளனர்.

அமைப்பும் செயற்பாடும்

ஊசித்திரை நிமிர்த்தி நிறுத்தப்பட்ட ஒரு சட்டத்தினுள் அமைந்த வெண்ணிறப் பலகை ஆகும். இதில் நெருக்கமாக அமைந்த நுண்ணிய குழாய்கள் ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி உள்ளது. ஊசியின் நீளம் பலகையின் தடிப்பை விட அதிகம். ஊசிகளை முன்னும் பின்னும் தள்ளலாம். தள்ளிய இடத்தில் அவை உராய்வினால் நின்றுவிடும்.

பலகையின் மீது பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சப்படுகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஊசியும் வெண்பரப்பின் மீது தன் நிழலை வீழ்த்தும். ஊசி முழுமையாக நீண்டிருந்தால், அதன் நிழல் அண்டை ஊசிகளின் நிழல்களுடன் கலந்து அப்பகுதி கருமையாகும். ஊசி பலகையின் மட்டத்துக்கு உள்ளே சென்றுவிட்டால் நிழல் மறைந்து வெண்மை தோன்றும். இடைப்பட்ட நிலைகளில் நிழலின் நீளத்துக்கு ஏற்பச் சாம்பல் நிறத்தின் பல படிகள் கிடைக்கின்றன.

கையை அழுத்தினால் அதன் வடிவம் பதியும் ஊசிப் பலகை விளையாட்டுப் பொருளைப் பலர் கண்டிருப்பர். அதில் ஊசிமுனைகளின் மேடுபள்ளமே உருவமாகத் தெரிகிறது. ஊசித்திரையிலோ நேர் எதிரே உள்ள ஒளிப்படக் கருவிக்கு ஊசிகள் வெறும் முனைகளாகவே தெரியும். உருவத்தைத் தருவது நிழலே. விளக்கை அணைத்தால் படமும் இல்லை.

ஊசித்திரையைக் கணினித் திரையின் முன்னோடி எனக் கருதுவதுண்டு. இரண்டிலும் உருவம் புள்ளிகளின் தொகுப்பாகவே அமைகிறது. ஆயினும் கணினியில் ஒவ்வொரு புள்ளிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிறப்படிகளே உண்டு. ஊசியை எந்த ஆழத்திலும் நிறுத்தலாம். மேலும், கணினி தன் பழைய நிலையை நினைவில் வைத்திருக்க வல்லது. ஊசித்திரைக்கு நினைவகம் இல்லை.

படமாக்கும் முறை

ஊசிகளைத் தனித்தனியாக நகர்த்துவது அரிது. உருளைகள், கரண்டிகள், சிறு மின்குமிழ்கள் போன்ற பொருட்களைப் பலகையின் மீது அழுத்தியும் உருட்டியும் உருவங்கள் அமைக்கப்படுகின்றன. முன்புறத்திலிருந்து அழுத்தினால் ஊசிகள் உட்சென்று அப்பகுதி வெளுக்கும்; பின்புறத்திலிருந்து அழுத்தினால் ஊசிகள் முன்னே வந்து அப்பகுதி கருக்கும். அலெக்சேயெவ் முன்புறத்திலும் பார்க்கர் பின்புறத்திலும் நின்று பணியாற்றினர். பின்புறத்தில் நிற்பவருக்கு உருவம் இடவலம் மாறியும், கருமையும் வெண்மையும் இடம் மாறியும் இருக்கும்.

ஓர் உருவம் அமைந்ததும் அது படம்பிடிக்கப்படும். பின்னர் அதே ஊசிகளைச் சிறிது மாற்றி அடுத்த உருவம் அமைக்கப்படும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஓர் உருவத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், 7 நிமிடப் படத்துக்கு 5,040 உருவங்கள் தேவை. தாளில் வரையும் அசைவூட்டத்தில் முந்தைய படம் கைவசம் இருக்கும். பிழை நேர்ந்தால் ஒரு தாளை மட்டும் மாற்றலாம். இங்கு முந்தைய உருவம் அழிந்தே அடுத்தது தோன்றுகிறது. இடையில் பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்ல வழியில்லை.

வரலாறு

கசான் நகரில் பிறந்த அலெக்சேயெவ், பாரிசில் நூல்களுக்குச் செதுக்கோவியங்கள் படைத்துப் புகழ்பெற்றிருந்தார். அவற்றின் ஒளிநிழலை அசையும் படத்தில் கொணர விரும்பினார். அவரிடம் ஓவியம் கற்க வந்த பார்க்கர் அவருடைய பணித்துணையாகவும் பின்னர் மனைவியாகவும் ஆனார். ஊசித்திரைக்கான காப்புரிமை 1935 ஆம் ஆண்டில் பார்க்கரின் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டது. எனவே இதனை அலெக்சேயெவின் கண்டுபிடிப்பு என்று மட்டும் குறிப்பிடுவது பொருத்தமன்று.

இவர்களின் முதல் ஊசித்திரைப் படம், முசோர்க்சுக்கியின் இசைக்கு அமைந்த "மொட்டை மலையில் ஓர் இரவு" (1933) ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சென்ற இவர்கள், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஒரு நாட்டார் பாடலைக் கொண்டு "போகிற போக்கில்" (1943) என்னும் குறும்படத்தை உருவாக்கினர். போருக்குப் பின் பாரிசு திரும்பினர்.

ஓர்சன் வெல்சு இயக்கிய "விசாரணை" (1962) திரைப்படத்தின் தொடக்கத்தில் வரும் அசையாப் படங்களும் இவர்கள் ஊசித்திரையில் அமைத்தவையே. கோகொலின் கதையைத் தழுவிய "மூக்கு" (1963), "கண்காட்சியின் ஓவியங்கள்" (1972), "மூன்று கருப்பொருள்கள்" (1980) ஆகியன பிற படங்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைப்பில் இவர்கள் ஊசித்திரையில் முடித்த படங்கள் சிலவே. அவை அனைத்தும் குறும்படங்கள்.

நுட்பத்தின் தொடர்ச்சி

1972 இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், 240,000 ஊசிகள் கொண்ட ஓர் ஊசித்திரையைப் பெற்றது. அலெக்சேயெவும் பார்க்கரும் மொண்ட்ரியாலுக்கு நேரில் வந்து அங்குள்ள கலைஞர்களுக்கு அதன் பயன்பாட்டை விளக்கினர். இந்நிகழ்வை நார்மன் மெக்லாரன் ஆவணப்படமாக்கினார் (1973).

அதன் பின் அக்கருவியைத் தமதாக்கிக்கொண்டவர் ஜாக் துருவான் (1943-2021). தான் வரைந்த நிலக்காட்சிக்குள் தானே நுழைந்து செல்லும் ஓவியனைப் பற்றிய "நிலக்காட்சி ஓவியன்" (1976) இவருடைய புகழ்பெற்ற படம். 1986 இல் செக் நாட்டு இயக்குநர் பிரெத்திசுலாவ் போயருடன் இணைந்து, ஊசித்திரையையும் பொம்மை அசைவூட்டத்தையும் கலந்து ஒரு படம் செய்தார். "தடங்கள்" (2004) வரை இவர் இக்கருவியில் பணியாற்றினார். பின்னர் அது மிசேல் லெமியூவிடம் சென்றது. இவர் 2012 இல் "பெரிய அப்பாலும் சிறிய இங்கும்" என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு படத்தை வெளியிட்டார்.

பார்க்கரும் அலெக்சேயெவும் 1970களில் அமைத்த மற்றோர் ஊசித்திரையை 2012 இல் பிரான்சின் தேசியத் திரைப்பட மையம் வாங்கியது. லெமியூவின் கைகளால் சீரமைக்கப்பட்ட அதனைக் கொண்டு 2015 இல் அன்னெசி நகரில் ஒரு பயிலரங்கு நடத்தப்பட்டது. அதில் பங்குகொண்ட யூசுதின் வீல்சுதேக்கர் இயக்கிய "தழுவல்கள்" 2018 இல் வெளிவந்தது.

இந்நுட்பம் நூல்களின் வழியாக அன்றி, பெரும்பாலும் ஒரு கலைஞரிடமிருந்து மற்றொருவருக்கு நேரடியாகவே கைமாறி வந்துள்ளது. பலகை பழுதின்றி இருப்பது மட்டும் போதாது; அதனைத் தொட்டுப் பழகிய ஒருவர் அடுத்தவருக்குக் கற்பிக்க இருத்தலும் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

இயங்குபடம்
பொம்மை அசைவூட்டம்
செதுக்கோவியம்
நார்மன் மெக்லாரன்